ஒவ்வொருவராகப் பாடம் கேட்டல்: நரம்பியல் வேறுபாடுடைய பிள்ளைகளும் சாய்ந்தமருதின் கல்விச் சூழலும்

பிள்ளைகளின் மூளை வளரும் விதம் எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் எந்த வயதில் பேசத் தொடங்கி, எந்த வயதில் எழுத்துக் கூட்டி, எவ்வளவு நேரம் ஓரிடத்தில் அமர்ந்து, பிறர் முகக்குறிப்பை எவ்வாறு உணர்ந்து வளர்கிறார்களோ, அந்தப் பொதுவழியிலிருந்து இயல்பாகவே விலகி வளரும் பிள்ளைகளை இன்றைய கல்வியியல் நரம்பியல் வேறுபாடுடையோர் என்று குறிக்கிறது. பிறரோடு உறவாடுவதிலும் புலன்கள் தரும் செய்திகளை ஏற்பதிலும் வேறுபட்டிருக்கும் ஓட்டிசம், கவனத்தையும் உடலசைவையும் வேண்டியபோது வேண்டிய இடத்தில் நிறுத்த இயலாத அவதானக் குறைவு மிகையியக்கம், அறிவுத்திறனில் குறைவின்றியே வாசிப்பு மட்டும் எளிதில் கைகூடாத டிஸ்லெக்சியா, எண்களின் அளவை உணர்வதில் இடர்ப்படும் டிஸ்கல்குலியா ஆகியவை இவ்வகையில் முதன்மையானவை. ஒரே பிள்ளையிடம் இவற்றுள் இரண்டோ மூன்றோ சேர்ந்திருப்பதும் அரிதன்று. அவுஸ்திரேலிய ஆய்வாளர் ஜூடி சிங்கர் 1998இல் எழுதிய ஆய்வேடு, இவ்வேறுபாடுகளைக் குணப்படுத்த வேண்டிய நோய்களாக மட்டும் பார்க்காமல் மனித இனத்தின் இயல்பான பன்மையாகவும் பார்க்கும் நோக்கை முன்வைத்தவற்றுள் முன்னோடியானது. அந்நோக்கு பிள்ளைக்குள்ள இடர்ப்பாட்டை மறுப்பதில்லை. அவ்விடர்ப்பாட்டில் எவ்வளவு பிள்ளையிடமிருந்தும் எவ்வளவு வகுப்பறையின் அமைப்பிலிருந்தும் வருகிறது என்று கேட்கச் செய்கிறது.

இக்கேள்வியைச் சாய்ந்தமருது போன்றதோர் ஊரில் வைத்துக் கேட்கும்போது அதன் விடை கொழும்பில் கிடைக்கும் விடையாக இருக்க இயலாது. அம்பாறை மாவட்டத்தின் கடற்கரையோரம் வீட்டோடு வீடு ஒட்டி நெருங்கியிருக்கும் இவ்வூரிலிருந்து, பிள்ளை உளமருத்துவத்தின் பெரும் நிலையங்கள் இருக்கும் தலைநகரம் தரைவழியே முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. ஒரு நாள் கூலியை இழந்து, இரவுப் பஸ்ஸில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சென்று, சில மணி நேரச் சந்திப்புக்குப் பின் மீண்டும் பல மாதம் காத்திருக்கும் குடும்பங்களுக்கு, மருத்துவர் எழுதித் தரும் பெயர் மட்டும் போதுமானதாவதில்லை. அப்பெயர் கிடைப்பதற்கு முன்னும் பின்னும் பிள்ளை ஒவ்வொரு நாளும் பாடசாலைக்கும் மத்ரஸாவுக்கும் வீட்டுக்கும் இடையிலேயே வாழ்கிறது. ஆகவே மருத்துவ முடிவுக்காகக் கற்பித்தலை ஒத்திவைக்கலாகாது என்பதும், பிள்ளைக்கு ஏற்பக் கற்பிக்கும் மரபொன்று இவ்வூரிலேயே இருக்கையில் பாடசாலை அதைக் கண்டுகொள்ளவில்லை என்பதும் இவ்வுரையின் முதன்மையான கருத்துகளாகும்.

ஓட்டிசம் இலங்கையில் எவ்வளவு பரவியுள்ளது என்பதற்குப் பலரும் மேற்கோள் காட்டும் ஆய்வு, பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவரது குழுவினரும் 2009இல் வெளியிட்டதாகும். நகரை அண்டிய ஒரு பகுதியில் 18 முதல் 24 மாத வயதுடைய பிள்ளைகளைப் பரிசோதித்த அவ்வாய்வு 93 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தைக் கண்டது. ஆய்வுக்கு உட்பட்ட பிள்ளைகளின் தொகை சில நூறு மட்டுமே ஆகையால் அவ்விகிதத்தை நாடு முழுவதற்கும் அப்படியே பொருத்துவது தகாது. எனினும், மேலைநாட்டு வினாக்கொத்தை மொழிபெயர்த்துத் தாயிடம் கேட்பது இங்கு போதிய பயன் தருவதில்லை என்பதை உணர்ந்த அதே ஆய்வாளர்கள், பிள்ளையின் நடத்தைகளைப் படங்களாகக் காட்டித் தாயிடம் வினவும் கருவியொன்றைப் பின்னர் உருவாக்கினர் என்பது கவனத்துக்குரியது. எழுத்தறிவு குறைந்த தாய்க்கும் படம் புரியும் என்பதோடு, தன் பிள்ளையைப் பற்றி வாயால் சொல்லத் தயங்கும் தாய்க்கும் படத்தைத் தொட்டுக் காட்டுவது எளிது. இலங்கையில் ஒவ்வொரு தாயின் கையிலும் இருக்கும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில், நிறைக்கான வளைகோட்டுக்கு அருகே, சிரிப்பது முதல் சொற்களைச் சேர்த்துப் பேசுவது வரையிலான வளர்ச்சிப் படிகளும் குறிக்கப்பட்டுள்ளன. நிறை காட்டும் பக்கத்தில் குடும்பநல உத்தியோகத்தரும் தாயும் செலுத்தும் அக்கறையில் பாதியையேனும் அப்பக்கத்திலும் செலுத்தினால், ஐந்து வயதில் பாடசாலை வாசலில் தெரியவரும் பல செய்திகள் இரண்டு வயதிலேயே தெரியவரும்.

இத்தகைய பிள்ளைகள் புதிதாகத் தோன்றியவர்கள் என்ற எண்ணம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. கைபேசியும் பொதியுணவும் தடுப்பூசியும் மாறி மாறிக் குற்றம் சாட்டப்படுகின்றன. ஆனால் மொஸ்கோவில் பணியாற்றிய உளமருத்துவர் குருன்யா சுகரேவா, இன்று ஓட்டிசம் எனப்படும் இயல்புகளைக் கொண்ட ஆறு சிறுவர்களைப் பற்றி 1925இலேயே விரிவாக எழுதினார். அமெரிக்காவில் லியோ கானர் 1943இல் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் உலகப் புகழ் பெற்றது. தடுப்பூசியோடு ஓட்டிசத்தை இணைத்து 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரையை அவ்விதழே 2010இல் மீளப்பெற்றுக்கொண்டது. கானருக்குப் பின் வந்த இருபது ஆண்டுகளில் மருத்துவ உலகின் ஒரு பகுதி, தாயின் பாசக்குறைவே பிள்ளையை இவ்வாறு ஆக்கிற்று என்று கூறிவந்ததையும், தாமே ஓட்டிசப் பிள்ளையொன்றின் தந்தையான பேர்னாட் ரிம்லண்ட் 1964இல் எழுதிய நூல் அக்கருத்தைத் தகர்த்ததையும் இங்கு நினைவுகூர்வது அவசியம். பிள்ளை பேசாதிருப்பதற்கு உம்மாவே காரணம் என்றும், அவள் கர்ப்பகாலத்தில் எதையோ பார்த்தாள், எங்கோ போனாள் என்றும் சொல்லும் அண்டைவீட்டாரைக் கல்வியறிவற்றோர் என்று தள்ளிவிடுவதற்கு முன், அதே பழியைப் பல்கலைக்கழக மொழியில் படித்தோரும் சுமத்தினர் என்பதை அறிந்திருப்பது நல்லது. கண்ணூறு என்று தண்ணீர் ஓதிக் கொடுப்பதும் துஆச் செய்வதும் குடும்பத்துக்கு ஆறுதல் தருவன. அவற்றோடு கிளினிக்குக்குப் போவதை எவரும் தடுக்காதவரை, ஒன்றை ஏற்பதற்காக மற்றதைக் கைவிட வேண்டியதில்லை. பேய் பிடித்தது என்று அடிப்பதும் கட்டிவைப்பதும் மட்டும் எந்த நம்பிக்கையின் பெயராலும் பொறுத்துக்கொள்ளத் தக்கவையல்ல.

ஓட்டிசமுள்ள பிள்ளையின் நாளை அதன் புலன்களின் வழியே பார்த்தால் பல நடத்தைகளுக்குக் காரணம் விளங்கும். தகரக் கூரையின் வெக்கை, மின்விசிறியின் கிரீச்சொலி, பிரதான வீதியில் ஓயாத ஹோர்ன், பக்கத்து வகுப்போடு பாதிச் சுவர் மட்டுமே இருப்பதால் இரு ஆசிரியர்களின் குரலும் கலந்து வருவது ஆகியவற்றை மற்றப் பிள்ளைகளின் மூளை தானாகவே பின்னே தள்ளிவிடுகிறது. இப்பிள்ளையின் மூளையோ எல்லாவற்றையும் ஒரே உரத்தில் ஏற்கிறது. காதைப் பொத்திக்கொள்வது, கையை ஆட்டுவது, ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்வது ஆகியவை அந்த நெருக்கடியில் தன்னைத் தானே நிலைப்படுத்திக்கொள்ளும் வழிகளாதலால், அவற்றைத் தடுக்கும்போது பிள்ளையின் கடைசிப் பிடிமானமும் போய்விடுகிறது. பகல் முழுதும் அடக்கிக்கொண்டிருந்து வீட்டு வாசலை மிதித்ததும் கதறும் பிள்ளைகளும் உண்டு. "இஸ்கூல்ல நல்ல புள்ள, வீட்டுலதான் இந்தக் கூத்து" என்று சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலும் பாடசாலை தரும் அழுத்தமே வீட்டில் வெளிப்படுகிறது. பெண்பிள்ளைகளிடம் இவ்வாறு அடக்கிக்கொள்ளும் இயல்பு மிகுதியாக இருப்பதாலும், அமைதியாக இருக்கும் சிறுமியை ஊர் மெச்சுவதாலும் அவர்களின் இடர்ப்பாடு பல ஆண்டுகள் தெரியாமலே போகிறது. டேமியன் மில்டன் என்ற ஓட்டிச ஆய்வாளர் 2012இல் வகுத்த கருத்தின்படி, ஓட்டிசமுள்ளவர் பிறரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவதைப் போலவே பிறரும் அவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகின்றனர். தடுமாற்றம் இருபுறத்தது எனில் முயற்சியும் இருபுறத்ததாக வேண்டும், ஆசிரியர் வயதில் மூத்தவராதலால் முதலடியை அவரே வைக்க வேண்டும்.

அவதானக் குறைவு மிகையியக்கமுடைய பிள்ளையைப் பற்றிய பெரும் தவறு, அது சொன்னதைக் கேட்க மறுக்கிறது என்று கொள்வதாகும். ஒரு செய்தியை மனத்தில் பிடித்துவைத்துக்கொண்டே மற்றொன்றைச் செய்யும் ஆற்றலைச் செயல்நினைவு என்பர். "கொப்பியை எடு, திகதியைப் போடு, பக்கம் நாற்பதைத் திற, மூன்றாம் கணக்கைச் செய்" என்று ஒரே மூச்சில் சொல்லப்படும்போது அச்செயல்நினைவில் முதல் கட்டளை மட்டுமே தங்குகிறது. பிள்ளை கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறது. அடுத்த கணம் அதன் பெயர் உரத்துக் கூப்பிடப்படுகிறது. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை சொல்வதும், மற்றவற்றைப் பலகையில் எழுதிவைப்பதும், கொப்பிகளைச் சேகரித்து வரும் வேலையைக் கொடுத்து எழுந்து நடக்க நியாயமானதொரு காரணம் தருவதும் பணச்செலவற்ற மாற்றங்கள். மருந்து தேவைப்படும் பிள்ளைகளுக்கு மருத்துவரின் கண்காணிப்பில் அது பெருந்துணையாகிறது. எனினும் மருந்து கவனத்தை ஒருமுகப்படுத்த உதவுமே தவிர, தவறவிட்ட பாடத்தைக் கற்பித்துத் தராது.

வாசிப்பைப் பற்றிய செய்தி சற்று விரிவாகப் பேசப்பட வேண்டியது. சாய்ந்தமருதுப் பிள்ளை தொடக்கக் கல்வியை முடிப்பதற்குள் நான்கு எழுத்து முறைகளோடு பழக வேண்டியிருக்கிறது. பாடசாலையில் தமிழும் ஆங்கிலமும், சில ஆண்டுகள் கழித்துச் சிங்களமும், மத்ரஸாவில் அரபும் அதற்குக் கற்பிக்கப்படுகின்றன. அரபு வலமிருந்து இடமாகச் செல்வது. ஓரெழுத்து சொல்லின் முதலிலும் நடுவிலும் இறுதியிலும் வெவ்வேறு வடிவம் கொள்வது. பே, தே, ஸே என்ற மூன்றும் ஒரே உருவில் புள்ளியின் இடத்தாலும் எண்ணிக்கையாலும் மட்டுமே வேறுபடுவன. தமிழில் உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமுமாக 247 எழுத்துகள். 'கெ' என்பதில் எகரக் குறி மெய்யின் இடப்பக்கம் நிற்கிறது, ஒலியோ மெய்க்குப் பின்னரே வருகிறது. 'கொ' என்பதில் ஒரே உயிர் மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ககரம் ஒன்றே இடத்துக்கேற்பப் பல ஒலிகளைத் தருகிறது. ழகரமும் ளகரமும், ணகரமும் னகரமும் அன்றாடப் பேச்சில் ஒன்றுபட்டுவிடுவதால், செவியை நம்பிச் சொல்வதெழுதல் எழுதும் பிள்ளை தவறுவது இயல்பே. கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இந்திய எழுத்துக் குடும்பத்தைச் சேர்ந்த எழுத்துத் தொகுதியை முழுமையாகக் கைக்கொள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடக்கப் பள்ளியின் பல ஆண்டுகள் பிடிக்கின்றன என்று 2007இல் காட்டினார். ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்ட கால அளவுகளைத் தமிழுக்குப் பொருத்துவது எவ்வளவு தவறானது என்பதற்கு இதுவே சான்று.

அவ்வாறாயின் இயல்பான தாமதத்தையும் டிஸ்லெக்சியாவையும் ஆசிரியர் வேறுபடுத்துவது எங்ஙனம் என்ற கேள்வி எழும். இயல்பான பிழைகள் கற்பிக்கக் கற்பிக்கக் குறைந்துவருவன. டிஸ்லெக்சியாவில், நேற்று நூறு முறை வாசித்த சொல்லே இன்று புதிய சொல்லாகத் தோன்றும். சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்து உணர்வதில் உள்ள இடர்ப்பாடு, எழுத்தைக் கண்டதும் ஒலி நாவில் வராமல் தடுக்கும். வாசித்து முடித்த வரியின் பொருள் தெரியாதிருக்கும், அதே வரியை வேறொருவர் வாசித்துக் காட்டினால் பிள்ளை தெளிவாக விளக்கும். இக்கடைசிக் குறியே மிக முக்கியமானது. இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மோர்கன் 1896இல் பிரித்தானிய மருத்துவ இதழில் விவரித்த பதினான்கு வயதுச் சிறுவன் கணக்கில் வல்லவன், ஆனால் எளிய சொற்களையும் வாசிக்க இயலாதவன். கற்பித்தல் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் அவனே பாடசாலையில் மிகத் திறமையானவனாக இருப்பான் என்று அவனுக்குக் கற்பித்த ஆசிரியர் கருதியதாக மோர்கன் பதிவுசெய்கிறார். கண்மருத்துவரும் மூளை நிபுணரும் காரணம் தேடிக்கொண்டிருந்த காலத்தில், பிள்ளையின் தேவையைச் சரியாகக் கண்டவர் வகுப்பறையிலிருந்த அந்த ஆசிரியரே.

வாய்மொழிக் கற்பித்தலின் வலிமையை அறிந்துகொள்ளச் சாய்ந்தமருது வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. குர்ஆன் ஓதக் கற்பிக்கும் ஓதற்பள்ளியின் பழைய முறையில் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூடத்தில் பாயில் அமர்ந்திருந்தாலும் பாடம் எல்லாருக்கும் ஒன்றன்று. ஒவ்வொரு பிள்ளையும் தன் முறை வந்ததும் ஓதிக்கொடுப்பவரின் முன் சென்று, நேற்றைய பாடத்தை ஓதிக் காட்டி, சரியாயின் புதிய பாடம் பெற்று, பிழையாயின் அதே பாடத்தோடு திரும்புகிறது. ஆறு வயதுப் பிள்ளையும் பத்து வயதுப் பிள்ளையும் குர்ஆனின் ஒரே ஜுஸ்உவில் (பகுதியில்) இருக்கலாம்; பிந்தியதற்காக எவரும் வகுப்பிலிருந்து இறக்கப்படுவதில்லை, வயதுக்காக எவரும் தெரியாத பாடத்துக்குத் தள்ளப்படுவதுமில்லை. எழுத்தைக் கண்ணால் பார்த்து, விரலால் தொடர்ந்து, ஆசிரியர் ஓதுவதைக் காதால் கேட்டு, அதை உரத்துச் சொல்லிப் பார்க்கும் இவ்வழக்கம், டிஸ்லெக்சியாவுக்கென இருபதாம் நூற்றாண்டில் மேலைநாடுகளில் வகுக்கப்பட்ட பல்புலன் கற்பித்தலின் அடிப்படைக் கூறுகள் பலவற்றைத் தன்னுள் கொண்டது. தனியாள் கல்வித் திட்டம் என்று இன்று ஆசிரியர் பயிற்சிகளில் விளக்கப்படும் கருத்தின் சாரம், தன் பாடத்தைத் தன் வேகத்தில் கற்பதே. அதை இவ்வூர்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மாலை வேளைகளில் கண்டுவந்திருக்க, காலை வேளைப் பாடசாலை நாற்பது பேருக்கு ஒரே பக்கத்தை ஒரே நாளில் நடத்திச் செல்கிறது.

இப்புகழ்ச்சி அரைகுறையாக நின்றுவிடலாகாது. அதே ஓதற்பள்ளியில் பிரம்பும் இருந்தது. பல இடங்களில் இன்றும் இருக்கிறது. பிள்ளைக்கு ஏற்ற வேகத்தில் பாடம் கொடுத்துவிட்டு, அந்த வேகத்துக்காகவே அடிப்பது தன்னைத் தானே அழிக்கும் முறையாகும். அச்சமுற்ற மூளையில் செயல்நினைவு மேலும் சுருங்குகிறது. ஏற்கெனவே அவ்வாற்றல் குறைந்த பிள்ளைக்கு அடி விழும் கணத்தில் கற்றலின் வாயில் முழுவதும் அடைபடுகிறது. கல்வி அமைச்சு பாடசாலைகளில் உடல் தண்டனையை விலக்கி 2005இலும் மீண்டும் 2016இலும் சுற்றறிக்கைகள் வெளியிட்டது. ஆசிரியர் ஒருவரின் அறையால் மாணவனொருவன் செவிப்புலன் பாதிப்புற்ற வழக்கில், அச்செயல் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை தடைசெய்யும் கொடூரமான, இழிவான நடத்துகையாகும் என்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. மத்ரஸாக்களை அச்சுற்றறிக்கைகள் நேரடியாகக் கட்டுப்படுத்துகின்றனவா என்ற சட்ட வாதத்துக்குள் புகவேண்டிய தேவையே இல்லை. பிள்ளையின் அழுகுரல் கேட்டுத் தொழுகையைச் சுருக்கிக்கொண்ட நபிகளாரின் நடைமுறையைப் பள்ளிவாசல் மிம்பரில் எடுத்துரைக்கும் ஊரில், பிரம்பைக் கீழே வைப்பதற்கு வேறு ஆதாரம் தேடவேண்டியதில்லை.

சட்டத்தின் நிலை தெளிவானது. கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள் 1997இல் ஐந்து முதல் பதினான்கு வயது வரையும், 2016 முதல் பதினாறு வயது வரையும் எல்லாப் பிள்ளைகளையும் பாடசாலையில் வைத்திருக்கப் பணிக்கின்றன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனத்தில் பாகுபாட்டை விலக்குகிறது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. நடைமுறையில், சேர்க்கை நாளன்று "இந்தப் புள்ளைக்கு வேற இடம் பாருங்க" என்று மென்மையாகச் சொல்லப்படும் ஒரு வாக்கியம் இவற்றையெல்லாம் கடந்துவிடுகிறது. சாதாரண பாடசாலைகளோடு இணைந்து இயங்கும் விசேட கல்வி அலகுகள் அர்ப்பணிப்புள்ள ஆசிரியர்களால் பல பிள்ளைகளைக் காத்துவருகின்றன. ஆயினும் வாசிக்க இயலாதவர், அமர இயலாதவர், பேசாதவர் எல்லாரையும் ஒரே அறைக்கு அனுப்பிவிட்டு வகுப்பறை தன்னை மாற்றிக்கொள்ளாதிருக்கும்போது அவ்வலகு உதவியிடம் என்ற நிலையிலிருந்து ஒதுக்கிடமாகிவிடுகிறது. இதற்குப் பின்னே ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நிற்கிறது. பாடசாலையின் பெயரும் ஆசிரியரின் பெயரும் வெட்டுப்புள்ளியைக் கடந்தோரின் எண்ணிக்கையால் அளக்கப்படும் வரை, மெல்ல வாசிக்கும் பிள்ளை ஆசிரியருக்குச் சுமையாகவே தெரியும். அதன் பின் ரியூசன் வகுப்பு, அதன் பின் இரவு மேலதிக வகுப்பு என்று, ஒரு முறை புரியாத அதே வழியிலேயே மூன்று முறை கற்பித்து, ஓய்வு மிகவும் தேவைப்படும் மூளையிலிருந்து ஓய்வு பறிக்கப்படுகிறது.

வீட்டைப் பொறுத்தவரை இக்கடற்கரைக்குத் தனியானதொரு பலம் இருக்கிறது. பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து வாழும் வழக்கத்தையும் தாய்வழியில் வரும் குடி முறையையும், அக்கரைப்பற்றில் நெடுங்காலம் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே விரிவாக எழுதியிருக்கிறார். இதனால் பிள்ளையின் மூத்தம்மாவும் சாச்சியும் ஒரே வளவிலோ அடுத்த வேலிக்குள்ளோ இருக்கின்றனர்; உம்மா வெளிநாட்டு வேலைக்குச் சென்ற வீடுகளில் பிள்ளையை வளர்ப்பவர்களும் அவர்களே. வேலையால் வரும் வருமானத்துக்கும் பிள்ளையின் சிகிச்சைக்கும் இடையே தனித்து அல்லற்படும் நகரத்துப் பெற்றோருக்கு இத்தகைய துணை கிடைப்பதில்லை. ஆனால் ஒரே பிள்ளையை நால்வர் வளர்க்கும்போது நால்வரும் நான்கு விதமாக நடந்துகொண்டால், மாறாத ஒழுங்கில் நம்பிக்கை வைத்திருக்கும் ஓட்டிசப் பிள்ளை குழம்பிப்போகும். கிளினிக்கில் உம்மாவுக்கு மட்டும் விளக்கிவிட்டு அனுப்பும் முறையை மாற்றி, மூத்தம்மாவையும் சாச்சியையும் சேர்த்து அழைத்து, எதைச் சொல்வது, எந்தச் சத்தத்தைத் தவிர்ப்பது, அழும்போது எந்த மூலையில் விடுவது என்பதில் வளவு முழுவதும் ஒன்றுபடச் செய்வது இங்கு மிகுந்த பயன் தரும். இப்பலத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. உடன்பிறந்த பெண்களின் கல்யாணப் பேச்சு தடைப்படும் என்று அஞ்சிப் பிள்ளையை விருந்தினர் கண்ணில் படாமல் அறைக்குள் வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. அவ்வச்சம் ஊர் உண்டாக்கியது. அதைப் பெற்றோரிடம் மட்டும் விட்டுவிட்டு ஊர் விலகிநிற்பது நியாயமாகாது.

நோன்பு மாதத்தைத் தனியே குறிப்பிட வேண்டியிருக்கிறது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு அம்மாதத்தில் விடுமுறை. விடியலுக்கு முன் உண்ணும் ஸஹருக்காக உறக்கம் முறிகிறது. உணவு வேளைகள் புரள்கின்றன. தறாவீஹ் தொழுகைக்காக வீடு இரவில் வெறுமையாகிறது. நோன்பு திறக்கும் நேரத்தில் வீடு நிறைகிறது. மற்றப் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி தரும் இம்மாற்றங்கள் ஓட்டிசமுள்ள பிள்ளைக்கு ஆண்டின் மிகக் கடினமான நாள்களாகலாம். ஷஃபான் மாதத்திலேயே நாள்காட்டியில் வரவிருக்கும் நாள்களைக் குறித்துக் காட்டுவது, ஸஹர் நேரத்தில் பிள்ளையின் அறையை அமைதியாக விடுவது, பிள்ளையின் உணவை மட்டும் வழமையான நேரத்திலேயே கொடுப்பது, பெருநாள் உடுப்பை முன்கூட்டியே ஒருமுறை துவைத்து அதன் மொரமொரப்பைப் போக்கிவைப்பது போன்ற சிறு ஏற்பாடுகள் அந்நாள்களை அப்பிள்ளைக்கும் உரியனவாக்குகின்றன.

பாடசாலைக்குள் உடனே செய்யக்கூடியவற்றுள் பரீட்சை ஏற்பாடு முக்கியமானது. விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் முதலிய சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களம் வழங்குகிறது. அதற்கான விண்ணப்பமும் மருத்துவச் சான்றும் அதிபர் வழியே உரிய காலத்தில் செல்ல வேண்டும். க.பொ.த. சாதாரண தரத்துக்கு ஒரு மாதமே இருக்கும்போது இத்தேவை நினைவுக்கு வந்தால் பயனில்லை. தரம் ஆறிலிருந்தே தவணைப் பரீட்சைகளில் அப்பிள்ளைக்கு வினாத்தாளை வாசித்துக் காட்டியும் நேரம் கூட்டியும் வந்த பதிவு பாடசாலையிடம் இருந்தால் விண்ணப்பம் வலுப்பெறும். ஓதிக்கொடுப்போரின் பயிற்சி அடுத்தது. ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இஸ்லாமிய கற்கைகள் மற்றும் அரபு மொழிப் பீடத்திலிருந்து வெளிவரும் பட்டதாரிகள் பலர் இப்பிரதேசத்தின் பாடசாலைகளிலும் மத்ரஸாக்களிலும் கற்பிக்கக்கூடியவர்கள். பிள்ளையின் நரம்பியல் வேறுபாடுகளை அறிந்துகொள்ளும் ஒரு பாட அலகும், கல்முனை வலயத்தின் விசேட கல்வி ஆசிரியர்களோடு அமர்ந்து பயிலும் சில வாரக் களப்பயிற்சியும் அவர்களுக்குக் கிடைக்குமாயின், தொடக்கநிலை ஆசிரியர்கள் ஓதற்பள்ளியின் ஒவ்வொருவராகப் பாடம் கேட்கும் முறையை வாசிப்பு வேளைக்குக் கொண்டுவரவும், ஓதற்பள்ளிகள் பிரம்பில்லாத வகுப்பை நடத்தும் திறனைப் பாடசாலையிடமிருந்து பெறவும் இயலும். நாளொன்றுக்கு ஐந்து பிள்ளைகளை அருகே அழைத்துத் தலா நான்கு நிமிடம் வாசிக்கக் கேட்டாலே, நாற்பது பேருள்ள வகுப்பில் எட்டுப் பாடசாலை நாள்களுக்குள் எவர் எங்கே தடுமாறுகிறார் என்பது ஆசிரியரின் குறிப்புக் கொப்பியில் எழுத்தாகிவிடும்; கிளினிக்குக்குப் போகும் பெற்றோரின் கையில் கொடுத்தனுப்ப வேண்டியதும் அந்தக் குறிப்பே.